எக்ஸ்டர்னல் டிஸ்க் நிரம்பிவிட்டது: எந்த பேக்கப்பை அழிப்பது?

வாணி_வேளச்சேரி
நவம்பர் 17, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன், பெரும்பாலும் புத்தக லேஅவுட். 2019-இல் வாங்கிய 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில்தான் என் பேக்கப் எல்லாம் இருக்கிறது. ஒரு வாரமாக அது சிவப்புக் கோடு காட்டுகிறது. 4 ஜிபிதான் மிச்சம். தானாக பேக்கப் எடுக்கும் விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரியும் இடம் போதவில்லை என்று நின்றுவிட்டது. ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சி. அதற்குள் முடிக்க வேண்டிய ஏழு புத்தகங்கள் கையில் இருக்கின்றன. பேக்கப் இல்லாமல் வேலை பார்க்க நிஜமாகவே பயமாக இருக்கிறது.

லேப்டாப்பில் 512 ஜிபி எஸ்எஸ்டி, அதில் 310 ஜிபி வரை நிரம்பியிருக்கிறது. 310 ஜிபிக்கு ஒரு டிபி எப்படிப் பற்றாமல் போகும் என்பதே எனக்குப் புரியவில்லை. டிஸ்க்கைத் திறந்தால் ஃபைல் ஹிஸ்டரி ஃபோல்டர், விண்டோஸ் இமேஜ் பேக்கப் என்று ஒரு ஃபோல்டர், அப்புறம் நானே காப்பி செய்து வைத்த ‘பேக்கப் 2019’, ‘பேக்கப் புதுசு’, ‘பேக்கப் கடைசி’. இதில் எதை அழித்தால் ஆபத்தில்லை?


முரளி_மேடவாக்கம்
நவம்பர் 17, இரவு 9:40

அக்கா, அந்த இமேஜ் பேக்கப் ஃபோல்டரைத் தூக்கிவிடுங்கள். அது முழு சிஸ்டத்தின் நகல். பழைய லேப்டாப்பில் எடுத்ததாக இருந்தால் இப்போது அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஒரே அடியில் 200 ஜிபிக்கு மேல் கிடைக்கும்.


கேகே_நகர்_சீனியர்
நவம்பர் 17, இரவு 10:25

இன்றைக்கு எதையும் அழிக்காதீர்கள், அம்மா. முரளி தம்பி சொன்னது கடைசியில் சரியாகவே இருக்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் கை வைக்கக் கூடாது. விண்டிர்ஸ்டாட் அல்லது விஸ்ட்ரீ, இரண்டில் ஒன்றை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். அந்தக் கணக்கை இங்கே போடுங்கள், பிறகு பேசலாம்.

இன்னொன்று. டிஸ்க் 2019-இல் வாங்கியது என்கிறீர்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். பழுதான இடங்களைக் காட்டும் ‘பெண்டிங் செக்டர்’, ‘ரீஅலோகேட்டட் செக்டர்’ வரிகளின் ‘ரா வேல்யூஸ்’ கட்டத்தில் பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருந்தால் இடம் காலி செய்வதெல்லாம் அப்புறம். முதலில் முக்கியமானதை வேறு டிஸ்க்குக்கு ஏற்றிவிட வேண்டும்.


வாணி_வேளச்சேரி
நவம்பர் 18, காலை 7:05

நன்றி சார். உடல்நிலை ‘குட்’ என்று காட்டுகிறது, நீங்கள் சொன்ன இரண்டு வரியிலும் பூஜ்யம்தான்.

கணக்கு இது. மொத்தம் 931 ஜிபி. ஃபைல் ஹிஸ்டரி 338, இமேஜ் பேக்கப் 262, ‘பேக்கப் 2019’ 71, ‘பேக்கப் புதுசு’ 84, ‘பேக்கப் கடைசி’ 96. ரீசைக்கிள் பின் என்ற பெயரில் மறைந்திருந்த ஃபோல்டர் ஒன்று 58 ஜிபி காட்டுகிறது, இது எனக்கு அதிர்ச்சி. மற்றவை 18.

ஒரு டிபி என்று வாங்கியதில் 69 ஜிபி எங்கே போனது?


செல்வி_சைதை
நவம்பர் 18, காலை 8:30

எங்கும் போகவில்லை வாணி. கம்பெனிக்காரர்கள் ஒரு டிபியை ஒரு லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக்கொண்டே போவதால் அதே அளவு 931 என்று தெரிகிறது. 2 டிபி வாங்கினாலும் 1.81 என்றுதான் காட்டும். அடுத்த டிஸ்க் வாங்கும்போது இந்தக் கணக்கை மனதில் வையுங்கள்.

அந்த 58 ஜிபி நீங்கள் ஏற்கெனவே அழித்தவை. பென்டிரைவில் அழித்தால் நேரே போய்விடும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் அழித்தால் அந்த டிஸ்க்குக்குள்ளேயே குப்பைத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும், இடம் திரும்பக் கிடைக்காது. டிஸ்க்கைச் செருகியபடி டெஸ்க்டாப்பில் இருக்கும் ரீசைக்கிள் பின்னைத் திறங்கள். உள்ளே இருப்பவற்றின் பெயர்களை ஒரு தடவை படித்துவிட்டுக் காலி செய்யுங்கள். படிக்காமல் செய்ய வேண்டாம்.


அடையாறு_மேக்
நவம்பர் 18, காலை 9:02

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மேக்கில் தானாக பேக்கப் எடுக்கும் டைம் மெஷினுக்கும் இதே பிரச்சினை உண்டா? என் டிஸ்க்கும் ஏறக்குறைய நிரம்பிவிட்டது.


செல்வி_சைதை
நவம்பர் 18, காலை 9:20

டைம் மெஷின் கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முந்தையதற்கு வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளும். டிஸ்க் நிரம்பினால் மிகப் பழையதைத் தானே அழித்து இடம் பண்ணிக்கொள்ளும். அதனால் நிரம்பியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், அதன் இயல்பே அதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மேக்கில் உள்ள கொள்ளளவைப் போலக் குறைந்தது இரு மடங்கு டிஸ்க்கில் இருக்கட்டும். அதே டிஸ்க்கில் சினிமா, போட்டோ என்று தனியாக ஏற்றி வைக்காதீர்கள். டைம் மெஷின் அவற்றைத் தொடாது. தன் பழைய பேக்கப்பைத்தான் அழிக்கும்.


கேகே_நகர்_சீனியர்
நவம்பர் 18, பிற்பகல் 3:48

வாணி அம்மா, கணக்கைப் பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஃபைல் ஹிஸ்டரி. மாறிய ஃபைலை அது மணிக்கு ஒரு தடவை எடுத்து வைக்கும். மாறிய வரியை மட்டும் எடுக்காது, முழு ஃபைலையும் எடுக்கும். உங்கள் வேலையில் படம் நிறைந்த புத்தகத்தின் லேஅவுட் ஃபைல் ஒன்று 150 எம்பி என்று வையுங்கள். எட்டு மணி நேரம் அதில் வேலை செய்தால் எட்டு நகல், 1.2 ஜிபி. மாதத்துக்கு 25 நாள் என்றால் 30 ஜிபி. இது ஒரே ஒரு புத்தகத்துக்கு. 310 ஜிபிக்கு ஒரு டிபி ஏன் பற்றவில்லை என்று கேட்டீர்களே, பதில் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் சேர்த்து வைத்தது 310 ஜிபி இல்லை, அந்த 310 ஜிபி கடந்து வந்த காலம்.

ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும். அது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம் வரும். 04_30 என்று இருப்பது சென்னையில் காலை பத்து மணிக்கு எடுத்தது. எது மதியச் சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று தேடும்போது இது தெரியாவிட்டால் தப்பான பதிப்பை எடுத்துவிடுவீர்கள்.

அந்த ஃபோல்டருக்குள் கையால் எதையும் அழிக்க வேண்டாம். எதை எங்கே வைத்தோம் என்று அது தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது, நீங்கள் அழித்தது அதற்குத் தெரியாது. கண்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரி, அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் ‘கிளீன் அப் வெர்ஷன்ஸ்’. ஓராண்டுக்கு மேல் பழையவை என்று தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஃபைலின் கடைசிப் பதிப்பையும் விட்டுவிட்டுப் பழையதை மட்டும் கழிக்கும். ஒரு பள்ளம் இருக்கிறது: ஏதாவது ஃபோல்டரை நடுவில் பேக்கப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தால், அதன் பழைய நகல்களையும் இந்தக் கிளீன் அப் கொண்டுபோய்விடும். அப்படி எடுத்தது உண்டா என்று முதலில் யோசித்துப் பாருங்கள்.

அதே பக்கத்தில் எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று ஒரு இடம் இருக்கும். தானாக அமைந்திருப்பது ‘என்றென்றைக்கும்’. அதை ஓராண்டு என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் இதே கேள்வியோடு வருவீர்கள்.

இரண்டாவது, அந்த மூன்று பேக்கப் ஃபோல்டர்கள். மூன்றிலும் பாதிக்கு மேல் ஒரே ஃபைல்களாகத்தான் இருக்கும். டூப்குரு மாதிரி ஒரு புரோகிராமை மூன்றின் மீதும் ஓட்டுங்கள். பெயரை வைத்து ஒப்பிடாமல் உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். ‘அட்டை_ஃபைனல்’ என்ற பெயரில் மூன்று புத்தகத்துக்கு மூன்று அட்டை இருந்தாலும் இருக்கும்.

மூன்றாவது இமேஜ். அது எப்போது எடுத்தது, எந்த லேப்டாப்பில்?


வாணி_வேளச்சேரி
நவம்பர் 18, மாலை 6:15

பழைய லேப்டாப்பில் 2020-இல் எடுத்தது சார். அந்த லேப்டாப் 2022-இல் மதர்போர்டு போய், எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் எல்லாம் முன்பே காப்பி செய்து வைத்திருந்தேன். ‘பேக்கப் புதுசு’ அதுதான். எனவே முரளி சொன்ன மாதிரி இமேஜை அழித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.


கேகே_நகர்_சீனியர்
நவம்பர் 18, மாலை 6:50

இன்னும் ஒரு நாள் பொறுங்கள். அந்த இமேஜுக்குள் இருப்பது வேறு எங்காவது இருக்கிறதா என்று உறுதியாகத் தெரியுமா? வேறு நகல் இருந்தால் அது பேக்கப், தாராளமாக அழிக்கலாம். இல்லை என்றால் அது பேக்கப்பே இல்லை, அதுதான் அசல். டிஸ்க்கில் எந்த ஃபோல்டரைப் பார்த்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். எத்தனை ஜிபி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பார்ப்பது சுலபம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ஆக்‌ஷன் மெனுவில் ‘அட்டாச் விஹெச்டி’. இமேஜ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்களில் மிகப் பெரியதைக் காட்டுங்கள். ‘ரீட் ஒன்லி’ கட்டத்தில் டிக் போட மறக்க வேண்டாம். பழைய லேப்டாப்பின் சி டிரைவ் அப்படியே இன்னொரு டிரைவாக வந்து நிற்கும்.

டாக்குமெண்ட்ஸில் எதையும் தேடாதீர்கள், அது உங்களிடம் இருக்கிறது. டாக்குமெண்ட்ஸுக்கு வெளியே உங்கள் தொழிலுக்கு வேண்டியது என்ன இருந்தது என்று யோசியுங்கள்.


முடிச்சூர்_கணக்கன்
நவம்பர் 18, இரவு 9:30

இடம் காலி செய்வது சரி. அந்த டிஸ்க் வீட்டில் எங்கே இருக்கிறது? வேளச்சேரி என்று பார்த்ததும் கேட்கத் தோன்றியது.

2015 டிசம்பர் 1 ராத்திரி எங்கள் வீட்டுக்குள் அடையாற்றுத் தண்ணீர் வந்தது. கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே சிபியு. அதே மேஜையின் இரண்டாவது டிராயரில் பேக்கப் டிஸ்க், உறை போட்டு, துணி சுற்றி, பத்திரமாக. மனைவி குழந்தைகளோடு மொட்டை மாடிக்குப் போனோம், பீரோவிலிருந்து பத்திரங்களை எடுத்துக்கொண்டு போனேன். டிராயர் நினைவுக்கே வரவில்லை. மூன்றாம் நாள் இறங்கி வந்து இழுத்தபோது மரம் உப்பி டிராயர் திறக்கவில்லை. உடைத்துத் திறந்தால் உறைக்குள் சேறு. பதினொரு வருஷக் கணக்கு வேலை, அசலும் நகலும் ஒரே மேஜையில் போயின.

2023-இல் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பக்கமும் தண்ணீர் நின்றதே. ஒரு டிஸ்க்காவது வேறு வீட்டில் இருக்க வேண்டும் அம்மா. அண்ணன் வீடு, தம்பி வீடு, எதுவானாலும் சரி.


ஹரி_பெருங்குடி
நவம்பர் 18, இரவு 10:10

இதற்கெல்லாம் கிளவுட்தான் தீர்வு. டிஸ்க்கே தேவையில்லை.


செல்வி_சைதை
நவம்பர் 18, இரவு 10:45

ஹரி, கிளவுட் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டைத் தாண்டி ஒரு நகல் என்பதற்கு அது நல்ல வழிதான். ஆனால் கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, ஜிமெயிலும் போட்டோவும் அதற்குள்தான். 300 ஜிபி என்றால் மாதாமாதம் காசு கட்ட வேண்டும். அப்லோட் வேகம் 30 எம்பிபிஎஸ் இருந்தால் 300 ஜிபி ஏற இடைவிடாமல் 22 மணி நேரம். திரும்ப இறக்குவதற்கும் நேரம் ஆகும். அதைவிட முக்கியம், பலர் வைத்திருப்பது சிங்க் மட்டும்தான். லேப்டாப்பில் தெரியாமல் அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போய்விடும்.

நடந்துகொண்டிருக்கும் ஏழு புத்தகத்தை மட்டும் கிளவுடில் வையுங்கள் வாணி. பெரிய சரக்கு டிஸ்க்கில் இருக்கட்டும்.


ஹரி_பெருங்குடி
நவம்பர் 18, இரவு 11:05

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் டிஸ்க்கைச் சுத்தமாக வைக்க விண்டோஸின் காப்பி கட்டளையான ரோபோகாப்பியில் ‘மிர்’ போட்டு வாராவாரம் ஓட்டலாமே? லேப்டாப்பில் இருப்பது மட்டும் டிஸ்க்கில் இருக்கும், தேவையில்லாதது தானே போய்விடும்.


கேகே_நகர்_சீனியர்
நவம்பர் 19, காலை 6:20

ஹரி தம்பி, வாணி அம்மாவுக்கு அதைச் சொல்லாதீர்கள். ‘மிர்’ என்றால் கண்ணாடி மாதிரி. லேப்டாப்பில் இல்லாததை டிஸ்க்கிலும் இல்லாமல் ஆக்கும், கேட்காது. முடிந்த புத்தகங்களை லேப்டாப்பிலிருந்து எடுத்துவிட்டு டிஸ்க்கில் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரே நிமிஷத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிடும். இரண்டு ஃபோல்டரின் பெயரை முன்பின்னாக மாற்றித் தட்டச்சு செய்தாலும் அதே கதிதான். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு பிரிவின் இரண்டு வருஷ ஸ்கேன் அப்படித்தான் போனது. அந்தக் கட்டளையை அடித்த பையன் அன்று ராத்திரி வீட்டுக்கே போகவில்லை. நானும் அவனோடு உட்கார்ந்திருந்தேன்.


வாணி_வேளச்சேரி
நவம்பர் 19, இரவு 11:50

சார், கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன்.

இமேஜைத் திறந்தேன். நீங்கள் சொன்ன மாதிரி டாக்குமெண்ட்ஸைத் தொடவில்லை. தொழிலுக்கு வேண்டியது என்ன என்று யோசித்ததும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் ஃபோல்டருக்குப் போனேன். யூனிகோடு வருவதற்கு முன் நாங்கள் புத்தகம் கோத்த பழைய தமிழ் ஃபாண்ட்கள் 14 அங்கே இருக்கின்றன. 2019-க்கு முன் பேஜ்மேக்கர் என்ற பழைய லேஅவுட் புரோகிராமில் செய்த புத்தகம் எல்லாம் இவற்றில்தான்.

இந்த ஃபாண்ட் இல்லாமல் அந்த ஃபைலைத் திறந்தால் தமிழே வராது. மேலே புள்ளியும் கோடும் போட்ட ஆங்கில எழுத்தாகப் பக்கம் முழுக்க நிற்கும். ஒரு பதிப்பகம் 2008-இல் நான் கோத்த நாட்டுப்பாடல் தொகுப்பை இந்தப் புத்தகக் காட்சிக்கு மறுபதிப்பு போடக் கேட்டிருக்கிறது. ஃபைல் ‘பேக்கப் 2019’-இல் இருக்கிறது. ஃபாண்ட்களும் புது லேப்டாப்பில் எங்காவது இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது தேடிப் பார்த்தேன், இல்லை. என் பேக்கப் ஃபோல்டர் மூன்றிலும் இல்லை. ஃபைல் ஹிஸ்டரியிலும் இல்லை. 14-உம் சேர்ந்து ஒரு எம்பிகூட வராது. 262 ஜிபியை அழித்திருந்தால் அதோடு போயிருக்கும். 416 பக்கத்தையும் மறுபடி உட்கார்ந்து அடிக்க வேண்டி வந்திருக்கும்.


கேகே_நகர்_சீனியர்
நவம்பர் 20, காலை 5:55

நல்லது அம்மா. ஃபைல் ஹிஸ்டரி லைப்ரரி, டெஸ்க்டாப் இவற்றைத்தான் பார்க்கும், விண்டோஸ் ஃபோல்டருக்குள் போகாது. நாம் கையால் காப்பி செய்யும்போதும் ஃபாண்ட் நினைவுக்கு வராது, அது சிஸ்டத்தோடு கலந்துவிடுகிறது. இமேஜ் மட்டும்தான் எதையும் விடாமல் அள்ளி வைத்திருந்தது.

ஃபாண்ட்களை வெளியே எடுத்ததும் இமேஜை உடனே மூட வேண்டாம். பேஜ்மேக்கரின் புரோகிராம் ஃபோல்டர், கீபோர்டு டிரைவர், உங்கள் பழைய மெயில், பிரவுசர் புக்மார்க் இவற்றையும் பார்த்துவிடுங்கள்.


முரளி_மேடவாக்கம்
நவம்பர் 20, காலை 8:40

அக்கா, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.


வாணி_வேளச்சேரி
நவம்பர் 20, காலை 9:00

அய்யோ, இதில் என்ன முரளி. உங்கள் பதிலை மட்டும் படித்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.


வாணி_வேளச்சேரி
நவம்பர் 23, மாலை 4:30

ஞாயிறு முழுக்க இதே வேலை. நிலவரம் சொல்கிறேன்.

ரீசைக்கிள் பின்னைப் படித்துவிட்டுக் காலி செய்தேன், 58 ஜிபி. ஃபைல் ஹிஸ்டரியில் ஓராண்டுக்கு முந்தையதைக் கழித்ததும் 338 இருந்தது 131 ஆனது. மூன்று ஃபோல்டரிலும் ஒரே மாதிரி இருந்தவற்றை நீக்கி ஒன்றாகச் சேர்த்தேன், 251 இருந்தது 102. இமேஜிலிருந்து ஃபாண்ட்கள், கீபோர்டு டிரைவர், 2014 முதல் 2020 வரையிலான மெயில் எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகுதான் அதை அழித்தேன். அழிப்பதற்கு முன் ஃபாண்ட்களை லேப்டாப்பில் போட்டு ஒவ்வொன்றும் திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன். இப்போது 670 ஜிபிக்கு மேல் காலி இருக்கிறது.

நேற்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் பில்லோடு 2 டிபி டிஸ்க் ஒன்றும் வாங்கினேன். இதை எப்படிப் பிரிப்பது சார்?


கேகே_நகர்_சீனியர்
நவம்பர் 23, மாலை 5:40

புதியதில் சரக்கை ஏற்றுவதற்கு முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனைப் புரோகிராமை ஓட்டி முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள், பல மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. சொன்ன அளவு நிஜமாகவே உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

பிறகு டிஸ்க்கை இரண்டு பார்ட்டிஷனாக, அதாவது இரண்டு தனிப் பகுதியாகப் பிரியுங்கள். 600 ஜிபி ஃபைல் ஹிஸ்டரிக்கு மட்டும், அது அந்த வேலியைத் தாண்டாது. மீதியில் இப்போதைய லேப்டாப்பின் இமேஜ் ஒன்றும், முடிந்த புத்தகங்களின் தொகுப்பும். ஃபார்மட் செய்யும்போது இரண்டையும் என்டிஎஃப்எஸ்-ஆக வையுங்கள். எஃப்ஏடி32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. பேக்கப் ஓடும் நேரம் தவிர டிஸ்க்கைக் கழற்றியே வையுங்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பழைய டிஸ்க்கில் தொகுப்பின் இன்னொரு நகல். அது வேளச்சேரியில் வேண்டாம்.


வாணி_வேளச்சேரி
நவம்பர் 23, இரவு 8:15

பழையது வில்லிவாக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போகிறது, இரண்டாம் மாடி. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே போவது வழக்கம்தான், அப்போது லேப்டாப்பைக் கொண்டுபோய்ப் புதிதாக முடிந்த புத்தகங்களைச் சேர்த்துவிட்டு வருவேன். ஃபாண்ட் ஃபோல்டர் இரண்டு டிஸ்க்கிலும் இருக்கிறது, என் மெயிலுக்கும் ஒன்று அனுப்பிக்கொண்டேன்.

முடிச்சூர் அண்ணா, புதிய டிஸ்க் இப்போது மேஜை டிராயரில் இல்லை. பீரோவில் மேல் தட்டில், வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே பையில் வைத்திருக்கிறேன்.


முடிச்சூர்_கணக்கன்
நவம்பர் 23, இரவு 9:02

அதுதான் சரியான இடம். சந்தோஷம் அம்மா.


செல்வி_சைதை
நவம்பர் 23, இரவு 9:30

வாணி, அந்த நாட்டுப்பாடல் ஃபைல் திறந்ததா? விண்டோஸ் 11-இல் பேஜ்மேக்கர் ஓடுகிறதா?


வாணி_வேளச்சேரி
நவம்பர் 24, காலை 10:20

என் லேப்டாப்பில் முயற்சி செய்யவில்லை. அண்ணன் கடையில் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, பேஜ்மேக்கர் 7 அதில் இன்னும் ஓடுகிறது. ஃபாண்ட்களை அதில் போட்டுவிட்டு ஃபைலைத் திறந்தேன். முதல் பக்கத்தில் தலைப்பு சரியாக வந்தது. 212-ஆம் பக்கத்தில் ஒரு நடவுப் பாட்டு, அதில் ‘ஏலேலோ’ வரும் இடமெல்லாம் சாய்வெழுத்தில் வைத்திருந்தேன். அதுகூட அப்படியே இருக்கிறது. முழுவதையும் பிடிஎஃப் எடுத்து இன்று காலை பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். எழுத்தை யூனிகோடுக்கு மாற்றும் வேலையைப் புத்தகக் காட்சி முடிந்ததும் தொடங்குகிறேன்.